கேளுங்கள், சொல்கிறேன்: மலையேறிய கரிக்கோச்சி

பழைய படமொன்றில் முன்னாலும் பின்னாலும் சக்கரங்கள், நடுவில் பாய்லர் தொங்குகிற மாதிரி ஒரு கரிக்கோச்சி (நீராவி ரயில்) எஞ்சினைக் கண்டேன். ஏன் அப்படிச் செய்தார்கள்?
– வாசகர், கொட்டகலை

தம்பி, அது கராட். ஹெர்பர்ட் வில்லியம் கராட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளரின் யோசனை. மான்செஸ்டரில் பேயர் பீக்கொக் கம்பனி செய்தது. முதல் இரண்டும் 1909இல் தஸ்மேனியாவுக்குப் போயின. நம்ம இலங்கைக்கு 1927இல் ஒன்று வந்தது, 1945இல் இன்னும் எட்டு.

நம்ம மலைநாட்டுப் பாதையில் 44 அடி ஓடினால் ஓரடி ஏற வேண்டிய இடங்கள் உண்டு. வளைவுகளோ சில இடங்களில் 330 அடி ஆரைதான். எஞ்சினை நீளமாக்கினால் வளைவில் திரும்பாது, குட்டையாக்கினால் ஆவி போதாது. அதனால்தான் ஏற்றம் தொடங்கும் ரம்புக்கனையில் பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளினார்கள். அதற்கு வேறு டிரைவர், அடுப்புக்குக் கரி போட வேறு ஃபயர்மேன், வேறு கரி. கராட்டில் பாய்லருக்கு அடியில் சக்கரமே கிடையாது. ஆகவே பாய்லரைப் பருமனாகவும் அடுப்பை ஆழமாகவும் செய்ய முடிந்தது. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வளைவில் தனித்தனியே திரும்பிக்கொள்ளும்.

என் அப்பா நாவலப்பிட்டி ஷெட்டில் ஃபயர்மேன். கராட் என்றாலே அவருக்கு ஆகாது, கரி அள்ளி மாளாதாம். அட்டன் தாண்டி சிங்கமலைச் சுரங்கம் வருமுன் சாக்கை நனைத்து முகத்தில் கட்டிக்கொள்வார்களாம். "ஏத்தத்துல கோச்சி நின்னா சக்கரத்தப் பாக்காத, அடுப்பப் பாரு" என்பார்.

ஆவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட்தானே? கோச்சிக்கு மட்டும் ஏன் ஸ்டீவன்சன் பெயரைச் சொல்கிறார்கள்?
– மாணவி, பண்டாரவளை

இரண்டு பேருமே முதல் ஆள் இல்லை, மகள். 1712இலேயே தோமஸ் நியூகொமன் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க ஒன்றை ஓட்டிவிட்டார். ஆனால் அது ஒவ்வொரு தடவையும் சிலிண்டரையே குளிரவைத்து மறுபடி சூடாக்கும். கரி மலைமலையாகப் போகும். வாட் ஆவியைத் தனிப் பாத்திரத்தில் குளிரவைத்தார், 1769இல் காப்புரிமை எடுத்தார். உயர் அழுத்த ஆவி மட்டும் அவருக்குப் பயம். அது இல்லாமல் எஞ்சினைச் சின்னதாக்கித் தண்டவாளத்தில் ஏற்ற முடியாதே! அந்தத் துணிச்சல் ரிச்சர்ட் ட்ரெவிதிக்குக்கு இருந்தது. 1804இல் அவருடைய எஞ்சின் வேல்ஸில் இரும்பு ஏற்றிய வண்டிகளை இழுத்தது. பாவம், அதன் கனத்துக்கு வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன.

தகப்பன் ஜோர்ஜ், மகன் ரொபர்ட் என்ற ஸ்டீவன்சன்களின் 'ரொக்கெட்' எஞ்சின் 1829இல் வந்தது. அதன் பாய்லருக்குள் 25 செப்புக் குழாய்கள். அடுப்பின் சூடு அவற்றின் வழியே ஓடியதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியானது. அதனால்தான் கோச்சி என்றால் அவர்கள் பெயர். நம்ம கராட்டின் வயிற்றுக்குள்ளும் அதே மாதிரிக் குழாய்கள்தான், எண்ணிக்கைதான் கூட.

கரிக்கோச்சி ஏன் போய்விட்டது?
– வாசகர், நானுஓயா

டீசல் வந்தது, அவ்வளவுதான். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தில் கனடா தந்த எம்2 டீசல் எஞ்சின்கள் 1954இலிருந்து வரத் தொடங்கின. ஒன்டாரியோ, அல்பெர்ட்டா என்று அந்த நாட்டு மாகாணங்களின் பெயரையே வைத்தார்கள். கரியும் வேண்டாம், வழிநெடுகத் தண்ணீர் பிடிக்கவும் வேண்டாம். அப்பா இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.