ஸ்டாண்ட்பை சர்வர் ஏன் கைவிடுகிறது? வாசகர் கேள்விகள்

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ், சேலம்): அழைப்புகளைக் கையாளும் ஆஸ்டரிஸ்க் சாஃப்ட்வேர் இரண்டு சர்வர்களில், ஒன்று நின்றால் மற்றதுக்கு மாற்றும் பேஸ்மேக்கரோடு ஓடுகிறது. போன வாரம் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆனபோது இரண்டுமே மெயின் ஆகிவிட்டன. ஒரே ஐபி இரண்டிலும். ஏன் சார்?

பதில்: ஸ்பிளிட் பிரெய்ன். இரண்டு சர்வரும் நன்றாகத்தான் இருந்தன. நடுவில் ஹார்ட்பீட் (நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒன்றுக்கொன்று அனுப்பும் சிக்னல்) மட்டும் அறுந்தது. மற்றது போய்விட்டது என்று இரண்டும் முடிவு செய்து ஐபியை எடுத்துக்கொண்டன. ஹார்ட்பீட் ஒரே ஸ்விட்ச் வழியாகப் போனதுதான் கோளாறு. இரண்டு சர்வருக்கும் நடுவே நேரடியாக ஒரு கேபிள் போட்டு, அதை, ஹார்ட்பீட்டைக் கவனிக்கும் கோரோசிங்கில் இரண்டாவது லிங்க்காகச் சேருங்கள். மூன்றாவதாக ஒரு சின்ன மெஷினில் கியூநெட்டியும், இரண்டு சர்வரிலும் அதோடு பேசும் கியூடிவைஸும் போட்டால் யார் மெயின் என்ற ஓட்டுக் கணக்கும் சரியாகும். இரண்டே பேர் இருந்தால் பெரும்பான்மை ஏது?

அப்புறம் ஸ்டோனித், அதாவது பதில் இல்லாத சர்வரைக் கட்டாயமாக அணைக்கும் ஃபென்சிங். இன்ஸ்டால் செய்யும்போது எரர் வருகிறதே என்று பலர் இதை ஆஃப் செய்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து ஆன் செய்யுங்கள். சர்வருக்குள்ளேயே இருக்கும் ரிமோட் கட்டுப்பாடான ஐபிஎம்ஐ வழியாக முதல் சர்வரை அணைத்து, அணைந்தது உறுதியான பிறகே இரண்டாவது பொறுப்பெடுக்கும். ஐபிஎம்ஐ கேபிளை அதே ஸ்விட்சில் செருகாதீர்கள்.

டேட்டா, இரண்டு சர்வரின் டிஸ்க்கையும் ஒரேபோல் வைக்கும் டிஆர்பிடியில் இருந்தால் அவசரப்பட்டு சிங்க் கொடுக்க வேண்டாம். எந்தப் பக்கம் அன்றைய ரெக்கார்டிங்குகள் இருக்கின்றன என்று முதலில் திறந்து பாருங்கள். தவறான பக்கத்தைத் தள்ளிவிட்டால் அவை திரும்ப வராது.

கேள்வி (ஏற்காடு): எங்கள் ரிசார்ட் புக்கிங் சென்டரில், இடி மழையில் மெயின் சர்வர் நின்றால் ஸ்டாண்ட்பை உடனே எழுகிறது. போன் செய்ய முடிகிறது, வருகிற அழைப்பு மட்டும் அரை மணி, முக்கால் மணி நேரம் அடிப்பதில்லை.

பதில்: நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. போன்கள் எந்த முகவரியில் இருக்கின்றன என்ற பட்டியல் பழைய சர்வரில் ஆஸ்டரிஸ்க்கின் உள் டேட்டாபேஸான ஏஎஸ்டிடிபியில் தங்கிவிட்டது. போன்கள் மறுபடி ரெஜிஸ்டர் ஆனால்தான் புதிய சர்வருக்கு அவற்றைத் தெரியும். பல போன்களில் ரெஜிஸ்டர் நேரம் 3600 விநாடி. அதை 120 ஆக்குங்கள். முடிந்தால் பட்டியலையே இரண்டு சர்வரும் பார்க்கும் டேட்டாபேஸில் வையுங்கள். இரண்டு சர்வரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மலையில் இடி விழுந்தால் முதலில் போவது அதுதான்.

கேள்வி (சூரமங்கலம்): மாறும்போது பேசிக்கொண்டிருக்கும் கால் அறுகிறதே?

பதில்: ஆஸ்டரிஸ்க்கில் அறும். குரல் அந்த சர்வர் வழியாகத்தான் போகிறது, அந்த நிலை அடுத்த சர்வருக்குப் போவதில்லை. ஃப்ரீஸ்விட்ச் என்ற இன்னொரு போன் சாஃப்ட்வேரில் அறுந்த காலை மீட்கும் வசதி உண்டு.

கேள்வி (அஸ்தம்பட்டி): சர்வீஸை நிறுத்திப் பார்த்தோம், அழகாக மாறியது. நிஜமாகக் கரண்ட் போனபோது மாறவில்லை.

பதில்: சர்வீஸை நிறுத்தினால் சர்வர் சொல்லிவிட்டுப் போகிறது. கரண்ட் போனால் சொல்லாமல் போகிறது. பவர் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஐபிஎம்ஐயும் கூடவே செத்துவிடும். அணைந்ததை உறுதி செய்ய முடியாமல் ஸ்டாண்ட்பை காத்துக்கொண்டே நிற்கும். லாகில் ஃபென்சிங் தோல்வி என்று வரிசையாக வந்திருக்கும். நெட்வொர்க்கில் கட்டுப்படுத்தும் பிடியு (சர்வர்களுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் ஸ்ட்ரிப்) ஒன்றை இரண்டாவது ஃபென்சிங்காகச் சேருங்கள். பிறகு மறுபடி பிடுங்கி, ரிங் வரும் வரை விநாடிகளை எண்ணுங்கள்.