டயாபடீஸ்: பெயர் வந்த வழி

கேள்வி: டாக்டர், டயாபடீஸ் என்றால் என்ன பொருள்? அந்தச் சொல்லில் சர்க்கரை வருகிறதா?

பதில்: வரவில்லை. கிரேக்கத்தில் அதற்கு 'ஊடே கடந்து போவது' என்று பொருள். குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் சிறுநீராகவே போய்விடுவதைப் பார்த்து வைத்த பெயர். பழங்கால மருத்துவர் அரெத்தேயஸ், சதையும் கைகால்களும் உருகிச் சிறுநீராக இறங்கும் நோய் என்று எழுதிவைத்தார். 1922இல்தான் முதல் நோயாளிக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பு எத்தனை குழந்தைகள் அப்படி உருகிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'மெலிடஸ்' என்றும் போட்டிருக்கிறதே?

பதில்: லத்தீனில் 'தேன்போல் இனித்தது'. நோயாளியின் சிறுநீர் இனிப்பதை 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் பதிவு செய்தார். 1776இல் மேத்யூ டாப்சன் சிறுநீரை வற்றவைத்து, மிஞ்சியது சர்க்கரை என்று காட்டினார். ரத்தத்தின் தெளிநீரும் இனிக்கிறது என்றார். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கண்டுபிடிப்பு. சிறுநீரில் தெரிகிற கோளாறு ரத்தத்திலேயே இருக்கிறது என்பதற்கு அது சான்று.

கேள்வி: நம் நாட்டில் இது முன்பே தெரியுமா? 'நீரிழிவு' என்பதில் ஏன் 'இழிவு'?

பதில்: தெரியும். ஆயுர்வேத நூல்கள் 'மதுமேகம்' என்றன. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதையும் குறித்தன. 'இழிவு' இங்கே கேவலம் இல்லை. இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். அருவி இழிகிறது என்கிறோமே, அதே இழிதல்தான். இந்த நோய் வந்தவர் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: அத்தைக்கு 'டயாபடீஸ் இன்சிபிடஸ்' என்கிறார்கள். இனிப்பை நிறுத்தவா?

பதில்: இதற்காக நிறுத்த வேண்டாம். இன்சிபிடஸ் என்றால் சப்பென்றது. அந்தச் சிறுநீரில் சர்க்கரை இல்லை. சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெசின் ஹார்மோன் சார்ந்த வேறு நோய் அது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், தடுக்காதீர்கள். சர்க்கரை நோயோடு குழப்பிக்கொண்டதில் நோயாளிகளுக்கு ஆபத்து நேர்ந்ததால், 2022இல் அந்தப் பெயரையே மாற்றப் பரிந்துரைத்தார்கள்.

கேள்வி: எனக்கு அடிக்கடி சிறுநீர் போவதில்லை. அப்படியானால் சர்க்கரை இல்லைதானே?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். பொதுவாக ரத்தச் சர்க்கரை 180 மி.கி. அளவைத் தாண்டிய பிறகே சிறுநீரில் இறங்கும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் அது சர்க்கரை நோய்தான். தாகமோ எறும்போ காட்டாமல் பல வருடம் ஓடலாம்; அதற்குள் கண்ணும் கால் நரம்பும் கெடத் தொடங்கிவிடும். இந்த வாரமே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.