கொழுப்பு மாத்திரையோடு கோ-கியூ10 மாத்திரையும் வேண்டுமா?

அப்பா கொலஸ்ட்ராலைக் குறைக்க அடோர்வாஸ்டாட்டின் (ஸ்டாட்டின் வகை மாத்திரை) சாப்பிடுகிறார், கால் வலிக்கிறது என்கிறார், கோ-கியூ10 வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோ-கியூ10 ஒரு துணைநொதி, அதாவது நொதிகள் வேலை செய்ய உதவும் பொருள். 1957-இல் மாட்டு இதயச் செல்களில் ஆற்றல் உண்டாகும் இடமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். செல்லுக்குள் எலக்ட்ரான்களைக் கைமாற்றி, ஆற்றல் உண்டாக உதவுகிறது. இதயம் போன்ற சில உறுப்புகளில் வயதாக ஆக இதன் அளவு குறையும்.

கொலஸ்ட்ராலும் இதுவும் ஒரே பாதையில் தயாராகின்றன. ஸ்டாட்டின் அந்தப் பாதையைத் தொடக்கத்திலேயே அடைப்பதால் இரண்டும் குறைகின்றன. ஆனால் ஒரு சூட்சுமம்: ரத்தத்தில் கோ-கியூ10-ஐச் சுமந்து செல்வதே பெரும்பாலும் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல்தான். வண்டி குறைந்தால் சரக்கும் குறையத்தானே செய்யும்? அதை வைத்துத் தசையிலும் வற்றிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

சரி, வலி? 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வில், ஸ்டாட்டினால் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையிலும் வந்தது. கோ-கியூ10 வலியைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் முன்னுக்குப் பின் முரண். விலையும் கொஞ்சம் அதிகம்தான்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் கோ-கியூ10-ஐத் தொட வேண்டாம். வார்ஃபரினின் வேலையை அது குறைக்கலாம். வலி கடுமையாக இருந்தாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.