முதல் உலகப் போரின்போது துருக்கி சுல்தான் ஐந்தாம் மெஹ்மதுக்கு உண்மையில் அதிகாரம் இருந்ததா?

பெயரளவில்தான் இருந்தது. 1909-இல் அண்ணன் இரண்டாம் அப்துல் ஹமீதைப் பதவியிறக்கிவிட்டு இவரை அரியணையில் ஏற்றினார்கள். அப்போது இவருக்கு வயது 64. அதுவரை வாழ்நாளில் பெரும்பகுதியை அரண்மனைக் காவலிலேயே கழித்த மனிதரிடம் ஆட்சி அனுபவத்தை எப்படி எதிர்பார்ப்பது?

1911 ஜூனில் கொசோவோவுக்குப் போனார். அல்பேனியர்களின் கொந்தளிப்பைத் தணிப்பதற்காக, முன்னோரான சுல்தான் முதலாம் முராத் கொல்லப்பட்ட அதே போர்க்களத்தில் பெருங்கூட்டத்தோடு வெள்ளிக்கிழமைத் தொழுகை நடத்தினார். அடுத்த ஆண்டே பால்கன் போர் வந்தது, கொசோவோ கைவிட்டுப் போனது. லிபியாவும் அதே 1912-இல் இத்தாலியிடம் போய்விட்டது.

1913 ஜனவரி ஆட்சிக்கவிழ்ப்புக்கு அப்புறம் கடிவாளம் முழுக்க இளம் துருக்கியர் இயக்கத் தலைவர்களான என்வர், தலாத், ஜெமால் கையில். ஜெர்மனியுடன் 1914 ஆகஸ்ட் 2-இல் ரகசிய ஒப்பந்தம் போட்டது என்வர் தரப்புதான். ஆர்மீனியர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டதும் இந்தச் சுல்தானின் ஆட்சிக்காலத்தில்தான். தடுக்கும் பலம் இவருக்கு இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் அந்தக் கறை அந்த அரியணைமேல் இருக்கத்தான் செய்கிறது.

கலீஃபா, அதாவது முஸ்லிம் உலகின் தலைவர் என்ற முறையில் 1914 நவம்பரில் இவர் பெயரால் ஜிஹாத் அறிவிக்கப்பட்டது. எதிர்பார்த்த எழுச்சி வரவில்லை. பிரிட்டிஷ் இந்தியப் படையின் முஸ்லிம் வீரர்களில் பெரும்பாலோர் ஈராக்கிலும் பாலஸ்தீனத்திலும் துருக்கியர்களை எதிர்த்தே போரிட்டார்கள்.

1918 ஜூலை 3-இல் இறந்தார். அக்டோபர் 30-இல் முத்ரோஸ் துறைமுகத்தில் போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டு ஒட்டோமான் (துருக்கிப்) பேரரசு பணிந்தபோது அரியணையில் இருந்தவர் தம்பி ஆறாம் மெஹ்மது.