128 ஜிபி எதற்கு?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கிளினிக்குகளுக்குப் பொதுக் காலண்டர் சேவை தொடங்கியிருக்கிறோம். டாக்டர், நர்ஸ், ரிசப்ஷன் எல்லோரும் ஒரே காலண்டரைப் பார்க்கலாம், திருத்தலாம். முதல் வருஷம் 200 பேர் வரலாம். இரண்டு பிராசஸர், 128 ஜிபி ரேமுடன் பழைய ரேக் சர்வர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கிப் போடலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம் சார். மலிவெல்லாம் வாங்கும் அன்றைக்குத்தான். அந்த மாதிரிப் பெட்டி 150 வாட் இழுத்தால் மாதம் 108 யூனிட். விசிறிச் சத்தம் வேறு. பக்கத்தில் உட்கார்ந்து கஸ்டமரிடம் போன் பேசிப் பாருங்கள், தெரியும்.

கணக்குப் போடுவோம். ஆளுக்கு ஒரு போன், ஒரு கம்ப்யூட்டர் என்றால் 400 கருவிகள். ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 'ஏதாவது மாறியிருக்கா?' என்று கேட்டாலும், சராசரியாக இரண்டு நொடிக்கு ஒரு கேள்விகூட வராது. ஒரு அப்பாயின்ட்மென்ட் பெரும்பாலும் ஒரு கேபிக்குள் அடங்கிவிடும். ஆளுக்கு வருஷம் 2,000 பதிவு வைத்தாலும் மொத்தம் 400 எம்பி. 'செவ்வாய்தோறும் காலை 10 மணி' என்று முடிவுத் தேதியே இல்லாமல் போட்டாலும் சேமிப்பில் அது ஒரே பதிவுதான். நாலு கோர், 16 ஜிபி தாராளம். ராடிகாலே, பைகால் மாதிரியான கால்டாவ் (பல கருவிகளில் ஒரே காலண்டரைப் பகிரும் முறை) சர்வர் மென்பொருள்கள் இதைவிடச் சின்ன மெஷினிலும் ஓடும்.

மிச்சமாகும் பணத்தை டிஸ்கில் போடுங்கள். சாதாரண எஸ்எஸ்டி வந்ததை முதலில் தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் ஃபிளாஷில் எழுதும். டேட்டாபேஸோ ஒவ்வொரு பதிவுக்கும் 'உள்ளே இறக்கிட்டுச் சொல்லு' என்று நிற்கும். அங்கேதான் இழுக்கும். 'பவர் லாஸ் புரொடெக்‌ஷன்' உள்ள டிரைவின் போர்டில் கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். கரண்ட் போனாலும் அவற்றில் தேங்கிய மின்சாரத்தில் கையிலிருப்பதை எழுதி முடித்துவிடும் என்பதால், அது தைரியமாக உடனே பதில் சொல்லும். அப்படி இரண்டு வாங்கி ரெய்டு 1 போடுங்கள், அதாவது ஒரே தகவல் இரண்டு டிஸ்கிலும் பதிவாகட்டும். ரேம் ஈசிசியாக (நினைவகப் பிழையைத் தானே திருத்தும் வகை) இருக்கட்டும். போர்டும் பிராசஸரும் அதை ஏற்குமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். ரிசப்ஷனில் யாராவது டாக்டரின் காலண்டரை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். தினமும் இரவு ஒரு பிரதி வேறு கட்டடத்துக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை அதை வேறொரு மெஷினில் ஏற்றித் திறந்து பாருங்கள்.

யுபிஎஸ் வாங்கும்போது யுஎஸ்பி போர்ட் உள்ளதாகக் கேளுங்கள். அந்தக் கேபிளைச் சர்வரில் செருகி, யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் 'நட்' (NUT) மென்பொருளைப் போட்டுவிட்டால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். பல ஆபீஸ்களில் அந்தக் கேபிள் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான் கிடக்கிறது!