டெல்டாவில் தேனீ வளர்க்க ஆசை, முதலில் என்ன வாங்குவது?

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது, நாலு தேனீப் பெட்டி வைக்க ஆசை, முதலில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒரு சாயங்காலம் தோப்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் சைக்கிளில் போய், எந்த மாதம் எங்கே என்ன பூக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தேனீ இரை தேடிப் போகிற தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நான் இதைச் செய்யவில்லை. எங்கே பார்த்தாலும் பச்சையாக இருக்கிறதே என்று நம்பி ஆவணியில் இரண்டு பெட்டி வாங்கினேன். பச்சை வேறு, பூ வேறு. நெல்லில் மகரந்தம் கிடைக்கும், தேன் கிடையாது. தென்னை மாசாமாசம் பாளை விடுவதால் ஓரளவு கைகொடுக்கும், அவ்வளவுதான். கார்த்திகையில் அடைமழை விட்ட ஒரு காலையில் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தேனீ இல்லை. செத்தும் கிடக்கவில்லை. அடையில் சொட்டுத் தேன் இல்லை, அடை கட்டும் மரச்சட்டம் முழுக்க, மெழுகைத் தின்னும் மெழுகுப்புழு நூல் கட்டியிருந்தது. பசித்தால் கூட்டத்தோடு கிளம்பிவிடுவது இந்தியத் தேனீயின் குணம். "குடியிருந்தவன்கூட சாவியக் கொடுத்துட்டுத்தான் போவான்" என்றார் அத்தை.

ஆகவே தை, மாசியில் தொடங்குங்கள். சம்பா அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் பூக்கும், பின்னாலேயே எள் வரும், பங்குனி சித்திரையில் வேம்பும் புங்கையும். மழை மாதங்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகை ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். தேனீ உட்கார நாலு குச்சி மிதக்கவிடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். இருட்டுகிற நேரத்தில் வைப்பது நல்லது, பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டம் திருட வரும்.

நாலு பெட்டி வேண்டாம், இரண்டு போதும். ஒன்று நலிந்தால் மற்றதிலிருந்து முட்டை உள்ள சட்டம் ஒன்றை மாற்றி வைத்துக் காப்பாற்றலாம். நியூட்டன் பெட்டியே வாங்குங்கள். 1911 வாக்கில் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீக்கென்றே வடிவமைத்தது. விற்பவர் கூட்டத்தைக் காட்டிப் பெருமை பேசுவார், நீங்கள் சட்டத்தைத் தூக்கி வெயிலுக்குக் காட்டிப் பாருங்கள். அடையின் சின்னச் சின்ன அறைகளின் அடியில் வெள்ளை நூல் துணுக்கு மாதிரி ஒற்றை ஒற்றையாக முட்டை இருந்தால் ராணி நன்றாக இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெட்டி நிற்கும் தாங்கியின் காலடியில் எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். நிழல் வேண்டும்தான், அதற்காக மட்டையும் தேங்காயும் விழுகிற இடத்தில் வைத்துவிடாதீர்கள் (ஆமாம், அதுவும் நடந்தது).

அப்புறம் பூச்சிமருந்து. உளுந்துக்கும் பருத்திக்கும் காலையில் அடித்தால் வயலுக்குப் போன தேனீ திரும்பாது. பக்கத்து வயல்காரரிடம் சாயங்காலம் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், அப்போது தேனீக்கள் கூடடைந்திருக்கும். இரண்டாம் வருஷம், தேனீக் குஞ்சுகள் வளரும் புழு அறையைத் தொடாமல் பெட்டியின் தேன் அறையில் மட்டும் தேன் எடுத்தேன், இரண்டு பெட்டிக்கும் சேர்த்து மூணு கிலோ. முதல் பாட்டிலைப் பக்கத்து வயல்காரருக்குத்தான் கொடுத்தேன். இப்போதெல்லாம் மருந்து அடிப்பதற்கு முதல் நாளே போன் வந்துவிடுகிறது.