வயதான பெற்றோர், பிள்ளைகளுடன் அங்கோர் வாட் போகிறோம். ஒரு நாள் போதுமா? சூரிய உதயத்துக்குப் போயே ஆக வேண்டுமா?

எழுபதை நெருங்கும் அப்பா அம்மா, 6 வயதிலும் 13 வயதிலும் பிள்ளைகள், ஜனவரிப் பயணம் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நாள் போதாது. சூரிய உதயம் கட்டாயமும் இல்லை. அங்கோர் வாட்டின் உயிர் அதன் சுவர்களில் இருக்கிறது. அதற்குத்தான் உங்கள் நேரத்தையும் பெரியவர்களின் கால் வலுவையும் சேர்த்து வைக்க வேண்டும்.

முதலில் டிக்கெட். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. இரண்டு தடவை ஒரு நாள் டிக்கெட் எடுத்தால் 74 ஆகிவிடும், அதனால் யோசிக்காமல் மூன்று நாள் டிக்கெட்டையே எடுங்கள். மூன்று நாளும் தொடர்ந்து வர வேண்டும் என்பதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். இடையில் ஒரு நாள் பெரியவர்கள் ஹோட்டலில் படுத்துக்கொள்ளலாம். 12 வயதுக்குக் கீழ் இலவசம்தான், ஆனால் வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கேட்பார்கள். சின்னவருடைய பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருங்கள். மூத்த பிள்ளைக்கு 13 என்பதால் முழு டிக்கெட்.

பலர் இடறுவது இங்கேதான்: டிக்கெட் கோயில் வாசலில் கிடைக்காது. அங்கோர் வாட்டுக்கு அருகே நீங்கள் தங்கப்போகும் கம்போடிய நகரமான சியாம் ரீப் ஊருக்கு வெளியே தனி டிக்கெட் அலுவலகம் இருக்கிறது. நேரே கோயிலுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், விடியற்காலையில் அது பெரிய இழப்பு. கவுன்டரில் ஒவ்வொருவரையும் படம் எடுத்து டிக்கெட்டிலேயே அச்சிடுவார்கள், எனவே ஒருவருடையதை இன்னொருவர் பயன்படுத்த முடியாது. முதல் நாள் மாலை 5 மணிக்கு மேல், 5:30க்கு மூடுவதற்குள் வாங்கினால் கணக்கு மறுநாளில் இருந்துதான் தொடங்கும். காலை வரிசையும் மிச்சம்.

சூரிய உதயம் பற்றி. அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். அதனால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும்பும், முன்னே இருக்கும் குளத்தில் கருநிழலாகப் பிம்பம் விழும். எல்லாரும் எடுக்கும் படம் அதுதான். அதற்கு 4 மணிக்கு எழ வேண்டும், இருட்டில் அகழிப் பாலத்தைக் கடக்க வேண்டும், வடக்குக் குளக்கரையில் கூட்டத்தோடு நெருக்கியடித்து நிற்க வேண்டும். மேகம் இருந்தால் அத்தனையும் வீண். ஆறு வயதுக் குழந்தை 9 மணிக்கே சோர்ந்துவிடும், பிறகு சிற்பம் எதையும் பார்க்க விடாது. உதயத்தை விட மனமில்லை என்றால் கணவனும் மனைவியும் மட்டும் வேறொரு நாள் போய் வாருங்கள். குடும்பமாகப் போவதற்கு 7 மணிதான் சரியான நேரம். உதயம் பார்த்த கூட்டம் அப்போதுதான் காலைச் சாப்பாட்டுக்குக் கலையும், வெயிலும் ஏறியிருக்காது.

வழி இப்படி. மேற்கு வாசலில் இறங்கி, வண்டிக்காரரைக் கிழக்கு வாசலில் வந்து நிற்கச் சொல்லிவிடுங்கள். போன வழியே திரும்பினால், நிழலே இல்லாத அந்த நீண்ட கல்பாதையை 10 மணி வெயிலில் மறுபடி நடக்க வேண்டிவரும். அகழி மட்டுமே ஏறத்தாழ 190 மீட்டர் அகலம். வெளி மதில் வாசலைத் தாண்டிய பின் கோயில் வரை இன்னும் சுமார் 350 மீட்டர். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த வெளிக் கோபுரத்தின் நடுப்படிகளில் ஏற வேண்டாம். இரு கோடியிலும் யானை வாசல்கள் இருக்கின்றன, தரைமட்டத்தில் படியே இல்லாமல் போய்விடலாம். அதே கோபுரத்தின் தென்பகுதியில் எட்டுக் கைகளோடு ஒரு பெரிய விஷ்ணு நிற்கிறார். ஊர்மக்கள் இன்றும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடும் சிலை, கட்டாயம் பாருங்கள்.

உள்கோயிலின் முதல் சுற்றுத் திருச்சுற்றில் ஏறியதும் முதலில் இடப்பக்கம் திரும்புங்கள். இலங்கைப் போர். அனுமன் தோளில் ராமன் நிற்க, பின்னால் லட்சுமணனும் விபீஷணனும். எதிரே பத்துத் தலை ராவணன், அவன் தேரைச் சிங்கங்கள் இழுக்கின்றன. அதை மட்டும் பார்த்துவிட்டு வாசலுக்கே திரும்பி வந்து, இப்போது வலப்பக்கம் போங்கள். குருட்சேத்திரம், 49 மீட்டர் நீளம். இடப்பக்கத்திலிருந்து கௌரவர், வலப்பக்கத்திலிருந்து பாண்டவர், நடுவில் மோதுகிறார்கள். இடது மேல்பகுதியில் அம்புப் படுக்கையில் பீஷ்மர். பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பலகாலம் கைபட்டுப் பட்டுக் கல் சில இடங்களில் கறுத்து மெருகேறியிருக்கும், இனி யாரும் தொடாமல் இருப்பதே நல்லது.

மூலை திரும்பினால் தெற்குச் சுவர். முதல் பாதியில் இரண்டாம் சூரியவர்மனின் படை ஊர்வலம். 12ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய கெமர் (கம்போடிய) மன்னர் இவர்தான். தமிழ் மன்னர் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த பாதியில் எமலோகம்: எருமை மேல் பல கைகளோடு எமன், தீர்ப்புச் சொல்லும் சித்திரகுப்தன், 37 சொர்க்கம், 32 நரகம். அதற்கடுத்த மூலை திரும்பியதும் கிழக்குச் சுவரில் பாற்கடல் கடைதல். இடப்பக்கம் 92 அசுரர், வலப்பக்கம் 88 தேவர், நடுவே ஆமை மேல் மத்து. மத்தின் அருகே கீழ்வரிசை மீன்களைக் குனிந்து பாருங்கள். சுழற்சியின் வேகத்தில் துண்டு துண்டாக அறுந்து கிடக்கின்றன. காலை 9 மணி வாக்கில் அங்கே கிழக்கு வெயில் படும்போது ஒவ்வொரு செதிலும் எழுந்து தெரியும். இந்தக் கதைகளுக்கு வழிகாட்டி தேவையில்லை, உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். மீதமுள்ள வடபாதிச் சுவர்களில் பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டில் செதுக்கியது, வேலைப்பாடும் மட்டம்தான். கால் வலித்தால் அதை விட்டுவிட்டுக் கிழக்கே வெளியேறிவிடலாம்.

உச்சி அடுக்குக்குப் பாகான் என்று பெயர். படி மிகச் செங்குத்து, மேலே போட்ட மரப்படியில் கைப்பிடி உண்டு. 12 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை, கர்ப்பிணிகளுக்கும் இல்லை. எனவே சின்னவரோடு ஒருவர் கீழே இருந்தாக வேண்டும். பெரியவர்களை ஏற்றாதீர்கள், ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத மேல்சட்டைக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொப்பியையும் கழற்ற வேண்டும். பௌத்த விரத நாட்களில் பாகானை மூடிவிடுவார்கள். அவை ஏறத்தாழ அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமிகள். வீட்டு நாட்காட்டியில் பார்த்து அந்த நாட்களையும் முன்பின் ஒரு நாளையும் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

11 முதல் 3 மணி வரை ஹோட்டலில் இருங்கள். மரவேர் சுற்றிய தா ப்ரோம் கோயிலுக்கு இரண்டாம் நாள் காலை 7:30க்குத் திறந்தவுடன் போனால் நெரிசல் இருக்காது. முகக்கோபுரங்கள் கொண்ட பாயோன் கோயிலை அதை ஒட்டிப் பார்க்கலாம். அன்று மாலை 4 மணிக்கு அங்கோர் வாட்டின் மேற்கு முகப்புக்கு மறுபடி ஒரு முறை வாருங்கள். வெயில் நேராக முகப்பில் விழும், குடும்பப் படத்துக்கு அதுதான் நேரம். காலையில் எடுத்தால் எல்லார் முகமும் இருட்டடிக்கும்.

வண்டி: டுக்டுக்கில் நான்கு பேர் வசதியாக உட்காரலாம், ஒரு நாளுக்குச் சுமார் 15 முதல் 25 டாலர். நீங்கள் ஆறு பேர், ஏசி வேன் எடுத்துவிடுங்கள். டாலர் நோட்டு துளி கிழிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள், சென்னையில் மாற்றும்போதே ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில்லறை கம்போடிய நாணயமான ரியலில் வரும், சுமார் 4,000 ரியல் ஒரு டாலர். புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், நள்ளிரவில் இறங்குவதானால் வண்டியை முன்பே சொல்லி வையுங்கள். சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: காய்கறிச் சோறு என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். ‘மீன் சாறும் வேண்டாம், சிப்பிச் சாறும் வேண்டாம்’ என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், அல்லது ஊருக்குள் உள்ள இந்திய உணவகங்களுக்குப் போங்கள். கோயில் அருகே குரங்குகள் உண்டு, குழந்தை கையில் பிஸ்கட் பொட்டலம் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் நாளைப் பந்தியாய் ஸ்ரேய் கோயிலுக்கு ஒதுக்குங்கள். சியாம் ரீப்பிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், அதே டிக்கெட் போதும். 967இல் எழுந்த சிவன் கோயில், இளஞ்சிவப்புக் கல், எல்லாமே சிறிய அளவு. படிகள் குறைவு, அப்பா அம்மா களைப்பில்லாமல் சுற்றலாம். கிழக்குப் பார்த்த கோயில் என்பதால் காலை வெளிச்சத்தில் போக வேண்டும். கிழக்குக் கோபுர முகட்டில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஒரு மூலையில் வற்றிய மார்பும் எலும்புக்கூடான உடம்புமாக உட்கார்ந்திருப்பவர் காரைக்கால் அம்மையார். பெயர்ப்பலகை எதுவும் வழிகாட்டாது, வழிகாட்டிகளும் பெரும்பாலும் கடந்து போய்விடுவார்கள். உள்ளே நுழையும் முன் நின்று, தலையை நிமிர்த்தித் தேடுங்கள். உருவம் சிறியது, போன் கேமராவில் ஜூம் செய்து அம்மாவிடம் காட்டினால் தெளிவாகத் தெரியும்.